ஒருங்கிணைப்பு நிதியும் ஸ்கூல் போர்டும்: மினசோட்டா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மினசோட்டாவில் பல பள்ளி மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தனி நிதி வருகிறது. ‘அச்சீவ்மென்ட் அண்ட் இன்டக்ரேஷன்’ என்பது அதன் பெயர். இங்கே ஒருங்கிணைப்பு நிதி என்றே சொல்கிறேன். வெவ்வேறு இனத்தையும் வருமான நிலையையும் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டும், அவர்களுக்கு நடுவே உள்ள தேர்ச்சி இடைவெளி குறைய வேண்டும் என்பதற்காகத் தரப்படும் பணம் இது. கருப்பின, லத்தீன், பூர்வகுடி, ஆசியப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் தொகை கணக்காகிறது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஆசியர் என்று குறித்திருந்தால் உங்கள் பிள்ளையும் அந்தக் கணக்கில் உண்டு.

இந்தப் பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம், மாவட்ட மக்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டுக்கு. ஆனால் போர்டு கூடி வாக்களிக்கும் நாளில் விவாதிக்கப் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது. அதற்குச் சில மாதம் முன்பே ஆலோசனைக் குழுவிலும் அலுவலர்களின் வரைவிலும் எல்லாம் வடிவம் எடுத்திருக்கும். கடைசி நாளில் மைக் முன்னால் நின்று கோபப்படும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் வந்த நேரம் தப்பு. சரியான நேரத்தில், சரியான இடத்தில், கையில் காகிதத்தோடு போய் உட்காருவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொஞ்சம் வரலாறு போதும். பெற்றோர் தொடுத்த வழக்கில், மினியாபொலிஸ் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன, சரிசெய்யுங்கள் என்று 1972-இல் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றக் கண்காணிப்பு 1983 வரை நீடித்தது. பின்னாளில் மாநிலமே ஒருங்கிணைப்புக்கு என்று மாவட்டங்களுக்குப் பணம் தரத் தொடங்கியது. 2005-இல் சட்டமன்றத் தணிக்கையாளர் அலுவலகம் அதை ஆராய்ந்து, இந்த நிதியின் நோக்கமே தெளிவாக இல்லை என்று எழுதியது. அந்த விமர்சனம் பல ஆண்டு சுற்றி, 2013-இல் புதுச் சட்டமாக வந்தது. அளக்கக்கூடிய இலக்கு, மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் கணக்குச் சொல்லும் கூட்டம் என்ற மூன்றும் அப்போதிருந்து கட்டாயம். நமக்குப் பிடிமானம் அந்த மூன்றில்தான்.

2007-இல் சியாட்டில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் வையுங்கள். ஒரு தனிப் பிள்ளையின் இனத்தை மட்டும் பார்த்து, நீ இந்தப் பள்ளிக்குப் போ என்று மாவட்டம் ஒதுக்கக் கூடாது. எல்லைக் கோடு வரைவது, புதுப் பள்ளிக்கு இடம் தேர்வது, சிறப்புப் பாடத்திட்டத்தால் பல பகுதிப் பிள்ளைகளையும் ஈர்க்கும் காந்தப் பள்ளிகள் (மேக்னட் ஸ்கூல்) தொடங்குவது போன்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. ‘என் பிள்ளையை இனம் பார்த்து வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது பதறினால் இதைச் சொல்லுங்கள்.

2. உங்கள் மாவட்டம் இந்த நிதி வாங்குகிறதா?

எல்லா மாவட்டமும் வாங்குவதில்லை. இந்த வகை மாணவர்களின் விகிதம் பக்கத்து மாவட்டத்தைவிட 20 சதவீதப் புள்ளிக்கு மேல் அதிகமாக இருந்தால், அது இனரீதியாகத் தனித்துப்போன மாவட்டம். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பள்ளியின் விகிதம் மாவட்டச் சராசரியைவிட 20 புள்ளிக்கு மேல் போனால் அந்தப் பள்ளிக்கும் திட்டம் வேண்டும். தனித்துப்போன மாவட்டத்தை ஒட்டியுள்ள மாவட்டங்களும் கூட்டுக் குழு வழியாக உள்ளே வரும். புறநகரில் இருக்கிறோம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட வேண்டாம். புறநகர் மாவட்டங்கள் பலவும் இதில் உண்டு. மாவட்ட இணையதளத்தின் தேடல் பெட்டியில் நிதியின் பெயரைத் தட்டினால் திட்ட ஆவணம் வரும். 2020-23, 2023-26 என்று மூன்றாண்டுச் சுற்றாக இருக்கும்.

3. தொகையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

சட்டத்தில் உள்ள முதன்மைச் சூத்திரம் எளிது. 350 டாலரை மாணவர் அலகால் பெருக்கி, அதை மேலே சொன்ன மாணவர்களின் விகிதத்தால் பெருக்க வேண்டும். மாணவர் அலகு என்பது தலை எண்ணிக்கையிலிருந்து கொஞ்சம் மாறும். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவர் 1.2 என்று கணக்காவார்.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 8,000 அலகு, விகிதம் 40 சதவீதம். 350 × 8,000 × 0.40 = 11,20,000 டாலர். மாவட்டங்களுக்கு இடையே பிள்ளைகள் விருப்பப்பட்டுச் சேர்ந்து படிக்கும் திட்டம் நடத்தினால், அலகுக்கு 10 டாலர் வீதம் ஊக்கத்தொகையாக இன்னும் 80,000 வரை கிடைக்கும்.

இதில் 70 சதவீதம் மாநிலம் தருகிறது. மீதி 30 சதவீதம் உள்ளூர்ச் சொத்துவரியில், அதாவது லெவியில் வருகிறது. வீடு வாங்கியவர்களுக்கு நவம்பரில் கவுன்ட்டியிலிருந்து உத்தேச வரி நோட்டீஸ் ஒன்று தபாலில் வரும். அதில் பள்ளி மாவட்டத்துக்கு என்று போட்டிருக்கும் தொகைக்குள் இந்தப் பங்கும் அடங்கியிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு நோட்டீஸ் வராது, ஆனால் வாடகைக்குள் அந்த வரியும் இருக்கும்.

முக்கியமான ஒன்று: சூத்திரம் தருவது உச்சவரம்பு. ஒப்புதல் பெற்ற பட்ஜெட் அதைவிடக் குறைவாக இருந்தால் பணமும் குறையும். ஆகவே, ‘முழுத் தொகைக்கும் திட்டம் போட்டிருக்கிறோமா?’ என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

4. மூன்று காகிதங்களைக் கையில் வாங்குங்கள்

மூன்றாண்டுத் திட்டம், நடப்பாண்டு பட்ஜெட் விரிதாள், கடைசியாகச் சமர்ப்பித்த முன்னேற்ற அறிக்கை. திட்டம் இணையதளத்தில் இருக்கும். பட்ஜெட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். மினசோட்டாவின் தகவல் சட்டப்படி பொதுத் தகவலைக் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நேரில் போய்ப் பார்ப்பது இலவசம். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்:

‘மினசோட்டா தகவல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கிறேன். ஒருங்கிணைப்பு நிதியின் நடப்பாண்டு ஒப்புதல் பெற்ற பட்ஜெட், சென்ற ஆண்டின் உண்மையான செலவு, சென்ற ஆண்டின் முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை மின்னணு வடிவில் அனுப்பவும்.’

இதை ஆங்கிலத்தில் எழுதி, மாவட்டத் தகவல் கோரிக்கைகளுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு அனுப்புங்கள். அவர் யார் என்பது மாவட்டத்தின் தகவல் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பதில் எழுதப்போகிறவரும் இந்த நிதியை நம்பித்தான் வேலை பார்க்கிறார்; பின்னால் உங்களுக்கு நிறைய விஷயம் சொல்லித்தரப்போகிறவரும் அவராக இருக்கலாம்.

5. பட்ஜெட்டை வரி வரியாகப் படியுங்கள்

சட்டத்தின் விகிதம் இது: குறைந்தது 80 சதவீதம் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேலைகளுக்குப் போக வேண்டும். ஒருங்கிணைந்த வகுப்புகள், பள்ளித் தேர்வு வாய்ப்புகள், குடும்பங்களோடு தொடர்பு வைக்கும் பணி எல்லாம் இதில் அடங்கும். ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு 20 சதவீதம் வரை. நிர்வாகச் செலவு மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் கற்பனை மாவட்டத்தில் அப்படியென்றால் 8,96,000 டாலராவது பிள்ளைகளைத் தொட வேண்டும்; நிர்வாகம் 1,12,000-க்குள் நிற்க வேண்டும்.

விகிதத்தை மாவட்டங்கள் மீறாது, ஒப்புதலே கிடைக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த அடுக்கை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் இதை எழுதுங்கள்: இந்தச் செலவு எந்த இலக்குக்கு? எத்தனை பிள்ளைகள்? எந்தப் பள்ளி? போன ஆண்டு இதே வரி இருந்ததா, என்ன பலன்? ‘குடும்பத் தொடர்பாளர், இரண்டு பணியிடம்’ என்று இருந்தால், அவர்கள் எந்த மொழி பேசுவார்கள், எந்தப் பள்ளிகளில் இருப்பார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருடமாக ஒரே தொகையோடு அசையாமல் இருக்கும் வரிகள் இருக்கும். அவற்றுக்குப் பலன் இருக்கலாம், பழக்கமாகவும் தொடரலாம். கேட்டால்தான் தெரியும்.

நான் இருந்த ஒரு கூட்டத்தில், பள்ளி முடிந்தபின் நடக்கும் கணிதப் பயிற்சி பற்றி அலுவலர் அழகாக விளக்கினார். ஆசிரியர் தயார், பாடத்திட்டம் தயார், மாலை ஐந்து மணி வரை வகுப்பு. சோமாலியத் தாய் ஒருவர் கை தூக்கி, ‘ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு எப்படிப் போவார்கள்?’ என்று கேட்டார். பள்ளிப் பேருந்து மூன்றரைக்கே போய்விடும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகவே போட்ட வகுப்பு அது. அறையில் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வரைவு வருவதற்குள் மாலைப் பேருந்துக்கு வழி பண்ணிவிட்டார்கள். பட்ஜெட் படிப்பது என்றால் இப்படி: அந்த வரியின் கடைசி முனையில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்ப்பது.

6. ‘ஆசியர்’ என்ற ஒற்றைக் கட்டத்தைப் பிரித்துக் கேளுங்கள்

தமிழ்ப் பெற்றோர் தனியாகச் செய்யக்கூடிய பெரிய உதவி இது என்பது என் கருத்து. மாவட்ட அறிக்கைகளில் ஆசிய மாணவர்களின் தேர்ச்சி பெரும்பாலும் ஒரே எண்ணாக வரும். அந்த எண்ணுக்குள் மென்பொருள் வேலைக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். லாவோஸ் போருக்குப் பின் அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பங்களின் பிள்ளைகளும், பர்மாவிலிருந்து முகாம் வழியாக வந்த கேரன் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செயின்ட் பால் நகரில் இவ்விரு சமூகங்களும் பெரியவை. நம் பிள்ளைகளின் மதிப்பெண் சராசரியைத் தூக்கிவிட்டால், கேரன் பிள்ளைக்கு வேண்டிய வாசிப்பு உதவி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே கூட்டத்தில், ‘ஆசிய மாணவர் தகவலை உட்பிரிவு வாரியாகத் தர முடியுமா?’ என்று ஓர் இந்தியப் பெற்றோர் கேட்பதற்குத் தனி எடை உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள பிரிவுகளின் தகவலைத் தனிமனித ரகசியம் கருதி வெளியிட மாட்டார்கள், அது நியாயம். மற்றதைக் கேட்கலாம்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. போர்டு கூட்டத்துக்கு நாம் போவதே உயர்நிலைக் கணிதம், திறன்மிகு மாணவர் திட்டம் இவற்றுக்காகத்தான் என்ற பேச்சு பல மாவட்டங்களில் இருக்கிறது. அவற்றைக் கேட்பது தவறில்லை. ஆனால் ஒருங்கிணைப்பு நிதியை அதற்குத் திருப்பச் சொல்லாதீர்கள். அந்தத் திட்டங்களில் கருப்பின, லத்தீன் பிள்ளைகள் ஏன் குறைவு, தேர்வு முறையை எப்படித் திறக்கலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி இந்த நிதியின் நோக்கத்துக்குள் வரும், நம் பிள்ளைகளுக்கும் அதில் இழப்பு இல்லை.

7. ஆலோசனைக் குழுவில் இடம் கேளுங்கள்

ஒவ்வொரு மாவட்டமும் ஒரு மாவட்ட ஆலோசனைக் குழு வைத்திருக்க வேண்டும். முன்பு ‘வேர்ல்ட்ஸ் பெஸ்ட் வொர்க்ஃபோர்ஸ்’ என்று சொல்லப்பட்ட மாநிலத் திட்டத்தின் கீழ் வரும் குழு இது. 2024-இல் திட்டத்தின் பெயர் மாறியது, குழு தொடர்கிறது. முடிந்தவரை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்காவது பெற்றோரும் ஊர்மக்களுமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மாவட்டத்தின் பன்மையை அது பிரதிபலிக்கவும் வேண்டும். குடியுரிமை வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் ‘எனக்கு வாக்கு இல்லையே’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நுழைவது எப்படி? வசந்தத்தில் அல்லது கோடையில் பாடத்திட்டப் பிரிவு இயக்குநருக்கோ மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்துக்கோ ஒரு மின்னஞ்சல்: வரும் கல்வியாண்டில் இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன், பிள்ளைகள் இன்னின்ன பள்ளியில். அவ்வளவுதான். ஆள் கிடைக்காமல் அவர்களே தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருங்கிணைப்பு நிதிக்குத் தனிக் குழுவோ, பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்த கூட்டுக் குழுவோ இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

சேர்ந்த பின் முதல் இரண்டு கூட்டம் கேட்டுக்கொண்டிருங்கள். சுருக்கப்பெயர்கள் மழையாகக் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள், பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியாமல்தான் இருக்கும். கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது, மொழிபெயர்ப்பாளர் உண்டா, சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்பதும் ஒருங்கிணைப்பு பற்றிய கேள்விதான். செவ்வாய் காலை பத்து மணிக்கு வைத்தால் மணிக்கூலி வேலையில் இருக்கும் தாய் வர மாட்டார். குடும்பத் தொடர்புக்கு இந்த நிதியிலேயே இடம் உண்டு என்பதை நினைவூட்டுங்கள்.

அப்புறம், இன்னொரு வீட்டைக் கூட்டி வாருங்கள். தமிழ்ப் பள்ளியில் சந்திக்கும் நண்பரைக் கூப்பிடுவது எளிது. பேருந்து நிறுத்தத்தில் பார்க்கும் எத்தியோப்பிய அப்பாவையோ மெக்ஸிகோ அம்மாவையோ கூப்பிடுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதைத்தான் செய்ய வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து ஒருங்கிணைப்பு பற்றிப் பேசினால் கேட்பவர்களுக்கு எடுபடாது.

8. நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். செப்டம்பர் 30-க்குள் மாவட்டம் உத்தேச லெவியை முடிவு செய்ய வேண்டும். இலையுதிர் காலத்தில் அந்த ஆண்டுக் கூட்டம் நடக்கும்: திட்ட இலக்குகளில் என்ன முன்னேற்றம் என்று போர்டு பொதுமக்களிடம் சொல்ல வேண்டிய கூட்டம். திட்டத்தையும் தேர்ச்சித் தகவலையும் அதற்கு 30 நாள் முன்பே இணையதளத்தில் போட வேண்டும். அந்த 30 நாள்தான் உங்கள் வீட்டுப்பாட நேரம். தகவல் ஏறவில்லை என்றால் போர்டு தலைவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள்.

டிசம்பரில் லெவி பற்றிய பொதுக் கூட்டம், மாலை ஆறு மணிக்கோ அதற்குப் பிறகோ. அங்கே பொதுமக்களைப் பேச விட வேண்டும்.

மார்ச் 15-க்குள் மாவட்டம் தன் திட்டத்தையும் பட்ஜெட்டையும் மாநிலக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். அப்படியானால் போர்டு பிப்ரவரியில் வாக்களிக்கும், வரைவு டிசம்பர், ஜனவரியில் எழுதப்படும். நீங்கள் பேச வேண்டியது அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். மார்ச்சில் பேசினால் அடுத்த ஆண்டுக்குத்தான் ஆகும்.

9. மூன்று நிமிடத்தில் பேசுங்கள்

பொதுவாக ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள், முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். போர்டு அங்கேயே பதில் சொல்லாது, அதற்காகக் கோபிக்க வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். உதாரணமாக:

‘என் மகள் இங்கே ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒருங்கிணைப்பு பட்ஜெட்டின் மூன்றாவது வரியில் கோடைக்கால அறிவியல் முகாமுக்குத் தொகை ஒதுக்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. சென்ற கோடையில் எந்தெந்தப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது அறிக்கையில் இல்லை. அந்த எண்ணிக்கையை ஜனவரிக் கூட்டத்துக்குள் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.’

இது ஒரு நிமிடம்கூட ஆகாது. கேள்வி திட்டவட்டம், கெடு உண்டு, யாரையும் புண்படுத்தவில்லை. அடுத்த நாள் அதையே மின்னஞ்சலில் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். ஜனவரியில் மறக்காமல் மறுபடி போய் நில்லுங்கள்.

10. எல்லைக் கோடு மாறும்போது

ஒருங்கிணைப்பு என்ற சொல் சூடாவது பெரும்பாலும் பள்ளி எல்லை மாறும்போதுதான். 2010 டிசம்பரில் ஈடன் பிரெய்ரி மாவட்டம், ஏழைப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் குவியாதபடி தொடக்கப் பள்ளி எல்லைகளை மாற்றி வாக்களித்தது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு சூப்பரின்டென்டென்ட் விலகினார், தேர்தலில் போர்டின் முகமும் மாறியது. 2020 மே மாதம் மினியாபொலிஸ் போர்டு 6-3 என்ற வாக்கில் மாவட்டம் முழுக்கப் பள்ளி அமைப்பை மாற்றியது. பெருந்தொற்று நேரம், பெற்றோர் நேரில் கூட முடியாத சூழலில் அந்த வாக்கெடுப்பு நடந்தது.

உங்கள் மாவட்டத்தில் இப்படி ஒன்று வந்தால், முதலில் வரைபடத்தோடு ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர் விகிதம் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள். பேருந்து நேரத்தையும் கேளுங்கள். மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஏழைப் பிள்ளைகளே நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருக்கும். எதிர்ப்பதோ ஆதரிப்பதோ அதன் பிறகு. வீட்டு விலை குறையும் என்ற ஒரே காரணத்துக்காக மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நண்பர்களிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

இலக்கை எட்டாத மாவட்டத்தை மாநிலக் கல்வி ஆணையர் சும்மா விடக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது: மேம்பாட்டுத் திட்டம் போட்டு, நிதியில் 20 சதவீதம் வரை அதற்கே செலவிட வைக்கலாம். மாவட்டம் காது கொடுக்காவிட்டால் மாநிலத் துறைக்கு எழுதுங்கள். நீதிமன்றப் பாதையும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2015-இல் பெற்றோர் தொடுத்த குரூஸ்-குஸ்மான் வழக்கில், இனச் சமமின்மை மட்டுமே அரசியலமைப்பு மீறல் ஆகாது, அது கல்வி போதாமைக்கு முக்கியக் காரணம் என்று காட்ட வேண்டும் என 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

11. போர்டுக்கே போட்டியிடுவது

குடியுரிமை பெற்றவர்கள் இதை யோசிக்க வேண்டும். பதவியேற்கும்போது வயது 21 ஆகியிருக்க வேண்டும், தேர்தலுக்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். வேட்புமனுக் கட்டணம் 2 டாலர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. முதற்கட்டத் தேர்தல் இல்லாத மாவட்டங்களில் மனுத்தாக்கல் ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். முதற்கட்டத் தேர்தல் உள்ள இடங்களில் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆலோசனைக் குழுவில் ஒரு வருடமாவது இருந்தவருக்குப் பட்ஜெட் பழகியிருக்கும், அலுவலர்களும் ஊர்ப் பெற்றோரும் அறிமுகம் ஆகியிருப்பார்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களால் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் நன்கொடை தரவே கூடாது. கூட்டாட்சித் தடை ஸ்கூல் போர்டு தேர்தலுக்கும் பொருந்தும், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். சம்பளம் வாங்காமல் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போய்ப் பேசுவதற்கும் துண்டறிக்கை கொடுப்பதற்கும் அவர்களுக்குத் தடையில்லை. பிரசாரத்தின் பணம் சம்பந்தப்பட்ட முடிவுகளில் மட்டும் தலையிடாமல் இருக்க வேண்டும்.